முக்காலி தைத்த டங்கரி

"அண்ணி, இதுக்கு முன்னாடி நீங்க என்ன தைச்சிருக்கீங்க?"

என் நாத்தனார் தன் தையல் மெஷினை மூன்று மாடி தூக்கி வந்து எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். மூச்சு வாங்குவது அடங்குவதற்குள் இந்த விசாரணை.

"சட்டைக்குப் பட்டன்."

"அது தையல்ல சேராது."

"தலகாணி உறை ஒண்ணு."

"அது எங்க?"

"இப்போ தரை துடைக்குது."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அப்படியே நேரா டங்கரியா? நடுவுல ஒரு பாவாடை, ஒரு கைப்பைன்னு எதுவும் இல்லையா?"

இல்லை. எனக்கு வேண்டியது டங்கரி. பேண்டும், மார்பை மறைக்கும் துண்டும் ஒன்றாகச் சேர்ந்து, தோளில் இரண்டு பட்டையில் தொங்குமே, அதுதான். இருபதாம் தேதிக்குள் வேண்டும். அன்றைக்கு மூன்றாம் தேதி.

நான் நிலம் அளப்பவள். இருபத்திரண்டு வருஷமாக அளக்கும் கருவியின் முக்காலியைத் தோளில் சாத்திக்கொண்டு மேடும் குன்றும் ஏறி இறங்கியதில், ஆபீஸில் என் பெயரே முக்காலி ஆகிவிட்டது. நான் கொண்டுவரும் அளவுகளை வைத்துப் படம் வரைபவர் என் கணவர். வரைவதெல்லாம் கம்ப்யூட்டரில் என்று ஆன பிறகும், போட்ட கோட்டை அழித்து அழித்துப் போடும் குணம் போகாததால் அவர் பெயர் ரப்பர். முக்காலியும் ரப்பரும் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது ஆபீஸில் ஒரு வாரம் வேலை நடக்கவில்லை என்று கேள்வி.

ஐந்து மாதத்துக்கு முன்பு எனக்குக் குடலில் ஆபரேஷன் நடந்தது. கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை வயிற்றில் இடப்பக்கம் சின்ன வாய்போல வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். மற்றவர்களுக்குக் கழிப்பறையில் நடப்பது எனக்கு அந்தப் பைக்குள் நடக்கும். நிரம்பினால் நான் காலி செய்ய வேண்டும். இது ஆயுசுக்கும்தான். சொல்லவே நாக்கு கூசிய காலம் ஒன்று உண்டு. இப்போது கூசவில்லை, அதனால் சொல்கிறேன்.

கஷ்டம் எங்கே என்றால், பேண்டின் இடுப்புப் பட்டி சரியாக அந்த இடத்தில்தான் அமர்கிறது. பெல்ட் போட்டால் பை நசுங்கும், கசியும். தொளதொள உடுப்பு போட்டுக்கொண்டு குன்று ஏறினால் முள் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் பை மாற்றக் கற்றுக்கொடுத்த நர்ஸ்தான், "டங்கரி போடுங்க, அது தோள்லதான் தொங்கும், இடுப்ப இறுக்காது" என்றாள். கடைகளில் இருந்ததை எல்லாம் போட்டுப் பார்த்தேன். பெண்களுக்கு என்று வைத்திருந்ததில் இடுப்பை இறுக்கித் தைத்திருந்தார்கள். ஆண்களுக்கானதில் நானும் ரப்பரும் சேர்ந்து குடியிருக்கலாம். எதைப் போட்டாலும், பையைக் காலி செய்ய வேண்டுமானால் பட்டை இரண்டையும் கழற்றி மொத்தத்தையும் உரிக்க வேண்டும். மரமில்லாத குன்றின்மேல் அது நடக்கிற காரியமா?

எங்கள் சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அதுதான் என் எரிச்சலே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இனிமே ஆபீஸ்லயே இருங்க. ஃபேன் இருக்கு, பக்கத்துலயே பாத்ரூம் இருக்கு" என்றார். என் மேஜையில் ஒரு பூச்செடிகூட வைத்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கனமானதைத் தூக்கக்கூடாது என்பதைத் தவிர டாக்டர் எதையும் தடுக்கவில்லையே என்று வாதாடினேன். கடைசியில் இறங்கி வந்தார். இருபதாம் தேதி கல்குவாரிக் குன்றில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு நாள் நான் தாக்குப்பிடித்தால் வெளிவேலை என்னுடையது. பாதியில் இறங்கினால் அது இன்னொருவருக்கு, நிரந்தரமாக.

ஆக, என் பிழைப்பு மூன்று மீட்டர் கனத்த நீலப் பருத்தித் துணியில் வந்து நின்றது.

தைப்பதற்கான வடிவத்தாளை இணையத்தில் வாங்கினேன். அதைச் சாதாரணத் தாளில் நாற்பத்திரண்டு துண்டாக அச்சடித்து ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ரப்பர் அதைக் கேட்டு அருவருப்பாகப் பார்த்தார். ஒட்டுப்போட்ட படம் அவருக்கு ஆகாது. ஆபீஸில் அனுமதி வாங்கி, வரைபடம் அச்சடிக்கும் பெரிய மெஷினில் ஒரே தாளாக எடுத்து வந்தார். அளவு சரியா என்று பார்க்க மூலையில் ஐந்து சென்டிமீட்டர்ச் சதுரம் ஒன்று போட்டிருந்தார்கள். அதை எஃகு ஸ்கேலால் நான்கு பக்கமும் அளந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்கார்ந்தார்.

அந்தத் தாளைக் கூடத்தில் விரித்துப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சைஸ்களின் கோடுகள். குன்றின் உயரத்தைக் காட்ட நாங்கள் போடும் சமவுயரக் கோடுகளேதான். சில இடத்தில் தள்ளித் தள்ளிப் போயின, சில இடத்தில் நெருங்கி ஒட்டிக்கொண்டன.

"இங்க பாரும்மா, கால் பிரியிற இடத்துல செங்குத்தா இறங்குது" என்றார்.

"பின்பக்கத் துண்டு ஏன் முன்பக்கத்த விடப் பெருசு?"

"உட்கார வேண்டாமா?"

"சரி. இந்த வளைவு வெளிய பிதுங்குது, அது உள்ள குழியுது. ரெண்டையும் எப்படிச் சேர்த்துத் தைக்கிறது?"

அவர் தரையில் மண்டியிட்டு, இரண்டு கோட்டின்மேலும் நூலை வைத்து நீளம் பார்த்தார். அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. உருவம் வேறு, நீளம் ஒன்று. "இத வரைஞ்ச ஆளு கெட்டிக்காரி" என்றார். ரப்பர் இன்னொருவரின் படத்தைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு என் உடம்பை அளந்தோம். கோளாறு அங்கேதான் நடந்தது, ஆனால் அப்போது எங்களுக்குத் தெரியாது.

டங்கரிக்கு முக்கியமான அளவு ஒன்று உண்டு. தோளில் தொடங்கி, முன்பக்கமாக இறங்கி, கால் நடுவே நுழைந்து, முதுகு வழியாக அதே தோளுக்குத் திரும்பும் சுற்றளவு. நிலம் அளப்பவர்களுக்கு ஒரு பழக்கம். சரிவில் அளக்கும்போது நாடாவைத் தரையோடு படிய விடமாட்டோம். மேடு பள்ளத்தைச் சேர்க்காமல், காற்றில் விறைப்பாக, மட்டமாகப் பிடிப்போம். படத்துக்கு வேண்டியது அந்த அளவுதான். ரப்பர் என்னைச் சுவரோரம் நிறுத்தி, தோளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, என்மேல் நாடா படாமல் அளந்தார். முன்னால் அறுபத்திரண்டு, பின்னால் அறுபத்திரண்டு, கீழே குறுக்கே இருபது. மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு.

வடிவத்தாளில் என் சைஸுக்கு நூற்று அறுபது என்று போட்டிருந்தது.

"பதினாறு அதிகம்" என்றார்.

"படமும் தரையும் ஒத்துப்போகலன்னா?"

"தரையத்தான் நம்பணும்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். ஆபீஸில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. 'நீளத்தைக் குறைக்க இங்கே மடிக்கவும்' என்று தாளில் இரட்டைக் கோடு ஒன்று இருந்தது. முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு மடித்து ஒட்டினோம். எங்கள் துல்லியத்தில் எங்களுக்கே பெருமையாக இருந்தது.

துணியில் கத்தரிக்கோல் வைக்க ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள் நான். நிஜமாக வெட்டும்போது ஒவ்வொரு கோட்டையும் நான்கு தடவை சரிபார்த்தேன். தைக்க ஆரம்பித்த முதல் இரண்டு நாள் மெஷினைத் திட்டித் தீர்த்தேன். நூலை இழுத்து முடிச்சுப் போடுகிறது, கோணலாகப் போகிறது, ஊசி சரியில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அண்ணி, ஊசிய முன்பக்கம் பின்பக்கம் பார்த்து மாட்டினீங்களா?" என்றாள். பார்க்கவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து அந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. பிதுங்கும் வளைவையும் குழியும் வளைவையும் விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போயின. ஒரு காலை நல்ல பக்கம் வெளியே இருக்கத் திருப்பி, மறு காலுக்குள் நுழைத்து, நடுத் தையலைப் போட்டு வெளியே இழுத்தேன். தட்டையாகக் கிடந்த துணிக்கு இடுப்பும் தொடையும் வந்துவிட்டன. யாரோ உள்ளே இருக்கிற மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. நான் வீடு முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து ரப்பருக்குக் காட்டினேன். குளித்துக்கொண்டிருந்தவரையும் விடவில்லை.

என் சொந்தச் சேர்க்கைகள் இரண்டு. இடப்பக்கத் தையலை அக்குளிலிருந்து தொடைவரை திறப்பாக விட்டு ஐந்து பட்டன் வைத்தேன். அதைத் திறந்தால் பட்டையைக் கழற்றாமலே பையை எடுக்கலாம். உள்ளே மெல்லிய துணியில் ஒரு ஜேப். பை அதில் சாய்ந்து உட்காரும். இவையெல்லாம் யோசிக்க யோசிக்க வந்தன. ராத்திரி தூக்கம் போனதற்கு அந்த ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நல்ல காரணம் கிடைத்தது.

பதினாறாம் தேதி மத்தியானம் தைத்து முடித்தேன். போட்டேன்.

பட்டைகளைக் கடைசி எல்லைவரை தளர்த்தியும் கொக்கி எட்டவில்லை. எக்கி, குனிந்து, மூச்சைப் பிடித்து மாட்டினேன். கீழே அறுத்தது. முன்பக்கத் துணி முரசுத்தோல் மாதிரி இழுபட்டு நேராகப் பையின்மேல் அழுந்தியது. கருவிக்குள் பார்க்கிற மாதிரி லேசாகக் குனிந்தேன். பை பிதுங்கி ஓரத்தில் கசிந்தது.

எதையும் உடைக்கவில்லை. உடைக்க நினைத்தேன். குளியலறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். துணி தீர்ந்துவிட்டது, நாள் நான்குதான் இருந்தது. பூச்செடி, ஃபேன், பக்கத்திலேயே பாத்ரூம். மிச்சப் பதினெட்டு வருஷ வேலையும் அந்த மேஜையிலேயே முடிந்துவிடும் என்று தோன்றியது.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். டங்கரியை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். "தையல் நல்லாத்தானே இருக்கு! உடம்பு நீளம் எப்படி அளந்தீங்க?"

நாங்கள் செய்து காட்டினோம். நான் சுவரோரம் நின்றேன். ரப்பர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மட்டமாக நாடா பிடித்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சோபாவில் விழுந்து சிரித்தாள்.

"ஏண்ணா, இது உடம்பா, காலி மனையா? இவங்களுக்கு மார்பு இல்லையா, வயிறு இல்லையா, பின்பக்கம் இல்லையா? நாடா மேல படியணும்ணா! ஏறி இறங்கி வரணும்!"

ரப்பரின் காது சிவந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று உறைத்தது. அன்று அவர் நாடாவை எட்டப் பிடித்தது தொழில் பழக்கம் மட்டும் இல்லை. ஐந்து மாதமாக அவர் என் வயிற்றுப் பக்கம் கை வைத்ததே இல்லை. கட்டிலில் நடுவே ஒரு தலையணை வந்திருந்தது. எப்போது வந்தது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நாடா என்மேல் படவில்லையே என்று அன்றைக்கு எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

"கொடுங்கண்ணா, நான் அளக்கிறேன்" என்று நாத்தனார் எழுந்தாள்.

"வேண்டாம்மா. அவரே அளக்கட்டும்" என்றேன்.

அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். "அப்போ நான் போய்ப் பால் வாங்கிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

ரப்பர் துணி நாடாவைக் கையில் சுற்றியபடி நின்றார்.

"வலிக்குமா?" என்றார்.

"எது?"

"அந்த... அது. தொட்டா."

"அதுல வலி தெரியிற நரம்பே கிடையாதுங்க. கிள்ளினாக்கூடத் தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். "கிடையாதா?"

"நர்ஸ் சொன்னாளே. நீங்க அப்போ மருந்து வாங்கப் போயிருந்தீங்களோ என்னவோ. அஞ்சு மாசமா வலிக்கும்னா நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"நீ தூங்கும்போது புரண்டு படுத்தா இடிச்சிருவேனோன்னு..."

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? உங்களுக்கு அருவருப்புன்னு."

"அடிப்பாவி" என்றார். நான் அழுதேன். அவரும் மூக்கை உறிஞ்சினார். பிறகு, இரண்டு பேருக்கும் வேலை என்று ஒன்று இருந்ததால், அளந்தோம்.

நாடாவைத் தோளில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். அவர் அதை விரலால் நீவி நீவி இறக்கினார். மார்பின்மேல் ஏறி இறங்கியது. வயிற்றுக்கு வந்ததும் இடப்பக்கம் பையின்மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்தார். எடுக்கவில்லை.

"சூடா இருக்கும்மா" என்றார் ஆச்சரியமாக.

"உள்ளேர்ந்து வர்றதுதானே."

"இது எவ்வளவு நிரம்பும்?"

"பாதிக்கு மேல விடக்கூடாது."

"அப்போ பாதி நிரம்பினா எவ்வளவு உயரமோ அதுக்கும் சேர்த்து அளக்கணும். குனிஞ்சா இன்னும் வேணும்." அவர் குனியச் சொன்னார், உட்காரச் சொன்னார், ஒவ்வொன்றிலும் அளந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டார். அந்த ஐந்து மாதத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள்கூட என்னிடம் அத்தனை கேட்டதில்லை. மொத்தம் நூற்று அறுபத்து மூன்று. முன்பக்கத்துக்குப் பதினொன்று கூட்ட வேண்டும், பின்பக்கத்துக்கு எட்டு.

மறுநாள் டங்கரியைக் குறுக்கே வெட்டினேன். மடித்துக் குறைத்த அதே இடத்தில் முன்னும் பின்னும் சுற்றிலும் ஒரு பட்டி வைத்துத் தைக்க வேண்டும். நீலத்தில் துண்டுகள்தான் மிச்சம். ரப்பர் அலமாரியைத் திறந்து தன் பழுப்பு நிறப் பேண்ட் ஒன்றை எடுத்து வந்து, தானே இரண்டு காலையும் பிரித்துப் போட்டார். நாத்தனார் வந்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். நீலத்துக்கு நடுவே பழுப்புப் பட்டி, தபால் மூட்டைக்குக் கயிறு கட்டின மாதிரி இருந்தது. அழகு என்று யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் போட்டுக்கொண்டு குனிந்தேன், குத்துக்காலிட்டேன், தரையில் சப்பணமிட்டு எழுந்தேன். எங்கேயும் பிடிக்கவில்லை.

இருபதாம் தேதி காலை ஏழு மணிக்குக் குன்றின்மேல் இருந்தோம். முக்காலியை வேறொருவர் தூக்கி வந்தார். நான் கருவி வழியாகப் படிப்பதற்கு எண் போட்ட அளவுகோலைத் தூரத்தில் நிறுத்திப் பிடிப்பவர், ஓய்வு பெற இரண்டு வருஷமே உள்ள அண்ணன் ஒருவர். என் டங்கரியைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, ஜேப்பெல்லாம் வச்சு" என்றார். சூப்பர்வைசர் குடையோடு தானே வந்திருந்தார். குறிப்பு நோட்டையும் அவரே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மணிக்கும், "முடியலன்னா சொல்லிடுங்க, தப்பா நினைக்கமாட்டேன்" என்றார்.

பதினொன்றரைக்குப் பை பாதியைத் தாண்டியது. தண்ணீர் பாட்டிலையும் சின்ன மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு, "பத்து நிமிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனேன். பள்ளம் தோண்டினேன், ஐந்து பட்டனைத் திறந்தேன், பையை வெளியே எடுத்துக் காலி செய்தேன், கழுவினேன், மூடினேன், மண்ணைத் தள்ளினேன். நான்கு நிமிடம். ஒரு பட்டையைக்கூடக் கழற்றவில்லை. காற்று வயிற்றில் பட்டது. மிச்ச ஆறு நிமிடமும் அங்கேயே குந்தியிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மரியாதையாம். சூப்பர்வைசர் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்தார். நான் கருவிக்குள் கண்ணை வைத்தேன். எண்ணே இல்லை. வெறும் வெள்ளைப் பலகை. நூறு மீட்டருக்கு அப்பால் அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அளவுகோலையும் அந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார்.

ஐந்து மாதத்துக் கோபமும் மொத்தமாக வந்தது.

"அண்ணே! கோலத் திருப்புங்க! வயித்துக்குத்தான் பை வச்சிருக்கு, கண்ணு நல்லாத்தான் இருக்கு! எனக்கு வேலை கிடக்கு!"

குன்று முழுக்கக் கேட்டிருக்கும். ஆபீஸில் பாதிப்பேருக்கு அதுவரை பை விஷயமே தெரியாது. சூப்பர்வைசர் குடையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அண்ணன் அலறியடித்துத் திரும்பினார். கருவிக்குள் கறுப்பும் சிவப்புமாக எண்கள் வந்து நின்றன.

"ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு ஏழு" என்றேன்.

நிமிர்ந்தேன். "சார், எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன், எழுதிக்கிட்டேன்" என்றார் அவசரமாக. பிறகு பேனாவை மூடப் போனவர் மூடவில்லை. நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மேலே நாளைய தேதியைப் போட்டார். அளப்பவர் என்று அச்சடித்திருந்த இடத்தில், என்னைக் கேட்காமலே, என் பெயரை எழுதினார்.